ஆறாவது வருகை

தையற்காரிக்கு எதையும் குண்டூசியால் குத்தி வைத்தால்தான் நிம்மதி. அளவுச் சீட்டு, பில், ரசீது, மகளுக்கு முதல் பல் விழுந்த தேதி எழுதிய காகிதம், எதுவானாலும் ஒரு ஊசி, ஒரு உறை. ஒரே ஒரு கையாளை வைத்துக்கொண்டு ஒரு பள்ளிக்கூடத்துக்கே சீருடை தைத்துக் கொடுக்கிறவளுக்கு அந்தப் பழக்கம்தான் சோறு போட்டது. கடைசியில் அதே பழக்கம்தான் அவளை வசமாக மாட்டியும் விட்டது.

அவள் புருஷன் ஃபிட்டர். பதினாலு மணி நேரம் பஸ்ஸில் போனால் வருகிற கல்லரைக்கும் ஆலையில் வேலை. அங்கே நாலு பேர் அறையில் ஒரு கட்டிலுக்கு வாடகை, இங்கே வீட்டுக்கு வாடகை, நடுவே பஸ் கட்டணம். இந்த மூன்றையும் ஒரு சம்பளம் தாங்கியது வரிச் சலுகையால்தான். வேலைக்காக வெளியூரில் தங்கிக்கொண்டு, குடும்பத்துக்கு இன்னொரு இடத்தில் வீடு வைத்திருக்கிறவருக்கு வரியில் ஒரு பங்கைத் தள்ளிக் கொடுப்பார்கள். ஒரே நிபந்தனை, வீடு அவருடைய வீடாக இருக்க வேண்டும். அதற்கு அடையாளமாக வருஷத்துக்கு ஆறு தடவையாவது அவர் வீட்டுக்கு வந்து போயிருக்க வேண்டும்.

போன வருஷம் ஃபிட்டர் வந்ததற்கு நாலு டிக்கெட்தான் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை வேலை பார்த்தால் இரட்டைச் சம்பளம் என்பதால், பள்ளி விடுமுறை வந்தபோதெல்லாம் அவரை வரச் சொல்லாமல் தையற்காரியே மகளைக் கூட்டிக்கொண்டு மூன்று தடவை போய் வந்துவிட்டாள். வருஷக் கடைசியில் விண்ணப்பம் எழுதும்போது அவருடைய நாலு டிக்கெட்டோடு தன்னுடைய மூன்றையும் அழகாகக் குத்தி அனுப்பினாள். தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்டது பிப்ரவரி மாதம் கடிதம் வந்த பிறகுதான் தெரிந்தது.

"படி, என்னதான் போட்டிருக்கான்?" என்றார் ஃபிட்டர் போனில். பின்னால் ஆலை உறுமிக்கொண்டிருந்தது.

"'குடும்பமே பணியாளரைத் தேடிச் சென்று வந்திருப்பதால், குடும்பத்தின் இருப்பிடம் பணியிடத்துக்கே மாறிவிட்டதாகக் கருத இடமுண்டு.' இடமுண்டாம்! இங்க எனக்கு மெஷின் போடவே இடத்தக் காணோம், இவங்களுக்குக் கருதுறதுக்கு இடமிருக்காம்."

"உன் டிக்கெட்ட எதுக்கு வச்ச?"

"நாலும் மூணும் ஏழு ஆகுதே! ஆறு கேட்ட எடத்துல ஏழு குடுத்தா சந்தோஷப்படுவாங்கன்னு நெனச்சேன்."

அந்தப் பக்கம் ஒரு மாதிரியான இருமல் கேட்டது.

"சிரிக்கிறீங்களா?"

"இல்லம்மா, தூசி."

"சிரிங்க, நல்லா சிரிங்க. சலுகை போச்சுன்னா இந்த வருஷத்தோட நிக்காதாம். முன்னாடி ரெண்டு வருஷத்துக்கும் சேர்த்துத் திருப்பிக் கட்டணுமாம்."

சிரிப்பு நின்றது. 

"அப்ப ஒண்ணு செய்யலாம்," என்றார் ஃபிட்டர். "நீங்க ரெண்டு பேரும் இங்கயே வந்துடுங்க. குவார்ட்டர்ஸ்ல ஒரு வீடு காலியாகுதாம்."

"அந்தத் தூசியில வெள்ளச் சட்டை தைக்கச் சொல்றீங்களா? முந்நூத்தி நாப்பது சட்டை. அங்க அஞ்சாம் வகுப்புக்கு மேல பள்ளிக்கூடமே இல்ல, இவ ஆறாவது படிக்கிறா."

"சரி, நான் வேலைய விட்டுட்டு வந்துடுறேன்."

"வந்து? இங்க ஃபிட்டருக்கு என்ன குடுப்பாங்கன்னு தெரிஞ்சுதானே அங்க போனீங்க? பேசாம இருங்க. யாரும் எதையும் விட வேணாம். வர்ற வியாழக்கிழமை வீட்டப் பாக்க ஆள் வருதாம். நான் பாத்துக்கிறேன்." சட்டென்று ஞாபகம் வந்தது. "ஆகஸ்ட்ல ஆலை லாரியில வந்தீங்களே, அதச் சேத்தா அஞ்சாச்சே?"

"ஆமா," என்றார். "ஆனா லாரியில வந்ததுக்கெல்லாம் ஏது டிக்கெட்? விடு. மோட்டார் நல்லா ஓடுதில்ல?"

"வீடே ஓடிப் போகப் போகுது, இவருக்கு மோட்டாரு!" என்று போனை வைத்தாள்.

அன்று துணி வெட்டும்போது கத்தரி நேராகப் போகவில்லை. அவள் வீட்டை நிமிர்ந்து பார்த்தாள். முன்னறையில் இரண்டு மெஷின், கையாளாக இருந்து பட்டன் தைக்கிற பொத்தான் அக்காவின் முக்காலி, கூரைவரை துணிக்கட்டு. உள்ளறையில் முன்பு ஃபிட்டரின் கட்டில் கிடந்த இடத்தில் இப்போது துணி வெட்டும் மேசை. கட்டிலைக் கழற்றிச் சுவரோடு சாய்த்து, அதன்மேலும் துணி அடுக்கியிருந்தாள். அவருடைய இரண்டு சட்டையும் பெட்டிக்குள், பெட்டி மேசைக்கு அடியில். மற்றதெல்லாம் அவர் பையோடு வந்து பையோடு போகும். இது ஒருவர் வாழ்கிற வீடு என்று காட்ட ஒரு சீப்புகூட வெளியே இல்லை. அவளுக்கு வெட்கமாக இருந்தது. யாரும் துரத்தாமலே அவரை வீட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்து வைத்துவிட்டோமே என்று நினைத்துக்கொண்டாள்.

விஷயம் மாடிக்காரர் காதுக்குப் போனது. மாடிக்காரர் என்றால் வீட்டுச் சொந்தக்காரர், முப்பது வருஷம் பஸ் கண்டக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அடுத்தவர் விஷயத்தில் மூக்கை நுழைக்காவிட்டால் அவருக்குத் தூக்கம் வராது. வியாழக்கிழமை காலையில் ஒரு பையோடு இறங்கி வந்தார்.

"செக்கிங்க்கு வர்றவங்க எதப் பாப்பாங்கன்னு எனக்குத் தெரியும்மா. இந்தா ஷேவிங் செட்டு, பிளேடுகூட புதுசு மாத்திட்டேன். ஷூ, வாசல்ல வை. இந்தா கைத்தடி."

"அவருக்கு எதுக்குண்ணே கைத்தடி? நாப்பத்திரண்டு வயசுதான ஆகுது?"

"இருக்கட்டும்மா, ஒரு கௌரவம்."

பொத்தான் அக்கா வாயில் கடித்த நூலோடு சிரித்தாள். தையற்காரிக்குச் சிரிப்பு வரவில்லை. ஷூவை வாசலில் வைத்தாள். கண்ணாடிக்கு முன்னால் ஷேவிங் செட்டை வைத்தாள். ஃபிட்டரின் சட்டைகளை எடுக்கப் பெட்டியை இழுத்தால், மேசைக் கால் குறுக்கே நின்றது. அதற்குள் வாசலில் ஆட்டோ சத்தம். அரக்கப் பரக்க, பழுது பார்க்க வந்த குவியலிலிருந்து மூன்று சட்டையை உருவி ஆணியில் மாட்டினாள்.

வந்தது ஒரு பெண் அதிகாரி. முப்பத்தைந்து வயது இருக்கும். தோளில் பை, கையில் கோப்பு. வாசற்படியைத் தாண்டியதும் துணித்தூசி மூக்கில் ஏறி வரிசையாக நாலு தும்மல் போட்டார்.

"மன்னிச்சுக்குங்க மேடம், பஞ்சு பறக்கும்."

"பரவால்ல. உங்க வீட்டுக்காரர் இங்க வந்தா எங்க தூங்குவார்?"

"கட்டில் இருக்கு மேடம். இப்ப சீருடை சீசன், அதனால கழட்டி வச்சிருக்கேன்."

அதிகாரி சாய்ந்து நின்ற கட்டிலைப் பார்த்தார், எழுதினார். "இந்த வீட்டுச் சாவி அவர்கிட்ட இருக்கா?"

"இருக்கு மேடம்." கேள்வி முடிவதற்குள் பதில் வந்துவிட்டது.

"துணிமணி?"

"இதோ, ஆணியில இருக்கு."

அதிகாரி சட்டையை இலேசாகத் திருப்பினார். காலரில் குத்தியிருந்த சீட்டைக் கண்ணருகே கொண்டுபோய் வாசித்தார். "'காலர் மாற்றவும். சனிக்கிழமை தரவும்.' சனிக்கிழமை தரணும்னு உங்க வீட்டுக்காரர் எழுதிக் குடுத்தாரா?"

பாழாய்ப் போன குண்டூசி! பொத்தான் அக்கா தலையைக் குனிந்துகொண்டாள். மாடிப்படியில் நின்றிருந்த மாடிக்காரர் இரண்டு படி மேலே ஏறிவிட்டார்.

தையற்காரிக்கு முகம் சூடானது. ஆனால் அவள் முழித்துக்கொண்டு நிற்கிற ஜாதி இல்லை. "மேடம், அது கஸ்டமர் சட்டை. ஷூவும் ஷேவிங் செட்டும் மாடியில இருக்கிறவரோடது. அந்தக் கைத்தடியும்தான். பொய் சொல்லிட்டேன், தப்புதான். ஆனா இந்தச் சாமான்தான் பொய். இது அவர் வீடுங்கிறது பொய் இல்ல."

"நான் எதப் பாக்குறேனோ அதத்தாம்மா எழுத முடியும்," என்றார் அதிகாரி. குரலில் கோபம் இல்லை, அலுப்பு இருந்தது. மறுபடி தும்மல் வந்தது. "கொஞ்சம் முகம் கழுவிக்கலாமா?"

சமையலறையில் குனிந்து முகம் கழுவியவர் நிமிரவில்லை. "இது என்ன எழுத்து?" என்று கேட்டார்.

குழாயின் கழுத்தில் வெள்ளைப் பெயின்ட் பேனாவால் பொடி எழுத்து. 2-3. வாஷர். ஆரம்பம் 4.00. முடிவு 4.20.

"அது அவர் கிறுக்கல் மேடம். ஆலையில எந்த மெஷினத் தொட்டாலும் தேதி, என்ன வேலை, எப்ப ஆரம்பிச்சு எப்ப முடிச்சதுன்னு அதுமேலயே எழுதணுமாம். எழுதாட்டி சூப்பர்வைசர் திட்டுவாராம். அந்தப் பழக்கத்துல வீட்டுலயும் எழுதி வச்சிடறார். சுத்தமா இருக்கட்டும்னு தின்னர் போட்டுத் துடைப்பேன், மறுபடி வந்து எழுதுவார்."

அதிகாரி கோப்பைப் பிரித்து டிக்கெட்டுகளைப் புரட்டினார். மார்ச் முதல் தேதி வந்தது, மூன்றாம் தேதி போனது. முகத்தைத் துடைத்துக்கொண்டே, "வேற எங்கல்லாம் எழுதியிருக்கார்?" என்றார்.

தையற்காரிக்கு அப்போதுதான் பொறி தட்டியது. ஓடிப்போய் முன்கதவைச் சாத்தினாள். கீலுக்குப் பின்னால் 19-1. எண்ணெய், ஸ்குரூ. அதற்கு டிக்கெட் இருந்தது. மெஷினைத் தலைகீழாகச் சாய்த்தாள். அவள் தின்னர் போட்டுத் தேய்த்த இடத்தில் எழுத்தின் நிழல் மட்டும் மிஞ்சியிருந்தது. பொத்தான் அக்கா டார்ச் பிடிக்க, 25-5 என்று தெரிந்தது. அதற்கும் டிக்கெட் இருந்தது. சுவிட்ச் பெட்டி மூடிக்குள் 6-10. நாலும் சரியாகப் பொருந்தின.

"இந்த நாலுக்கும் டிக்கெட் இருக்கும்மா. எனக்கு வேண்டியது மிச்சம் ரெண்டு."

"இருங்க மேடம்." தையற்காரி புடவையைச் செருகிக்கொண்டு வெட்டும் மேசைமேல் ஏறினாள். மின்விசிறியின் மேல் கிண்ணத்தைக் கழற்றி இறக்கினாள். ஒரு படி தூசி தலையில் கொட்டியது. உள்ளே 14-8. பேரிங். ஆரம்பம் 11.00. முடிவு 11.45. "ஆகஸ்ட்டு. ஆலை லாரியில வந்தார் மேடம், அதான் டிக்கெட் இல்ல."

அதிகாரி நாலு தும்மலுக்கு நடுவே படம் எடுத்தார். "அஞ்சு."

பிறகு வீட்டில் கழற்றுவதற்கு எதுவும் மிஞ்சவில்லை. அடுப்பு, கடிகாரம், இஸ்திரிப் பெட்டி, எல்லாவற்றையும் கவிழ்த்தாயிற்று. போன வருஷத்துத் தேதி வேறு எதிலும் இல்லை. தையற்காரி இடுப்பில் கைவைத்து மூச்சு வாங்கினாள். அஞ்சுவரை வந்து நின்றால் யார் ஒப்புக்கொள்வார்கள்?

"வெளியில ஒண்ணுமில்லையா?" என்றார் அதிகாரி.

"வெளியில மோட்டார் ஒண்ணு இருக்கு மேடம். ஆனா அத ரிப்பேர் பண்ணினது மாடிக்காரர்தான். நவம்பர்ல பத்து நாளா முனகிக்கிட்டே இருந்துச்சு. ஒருநாள் சாயங்காலம் வந்து போட்டா ஜம்முனு ஓடுது."

மாடிப்படியில் தொண்டையைச் செருமும் சத்தம் கேட்டது. மாடிக்காரர் தலையைச் சொறிந்தார். "அது வந்தும்மா… நான் அந்த மோட்டாரத் தொடவே இல்ல."

"என்னண்ணே சொல்றீங்க? நீங்கதான் 'ஏதோ நம்மால முடிஞ்சது'ன்னு சொன்னீங்க?"

"நீயா வந்து நன்றி சொன்ன. டீயும் முட்டையும் வேற கொண்டாந்து குடுத்த. இவ்வளவு மரியாதையா குடுக்கும்போது ஒரு மனுஷன் எப்படிம்மா வேணாம்கிறது?"

அவரைத் திட்ட அவளுக்கு நேரமில்லை. பக்கத்துச் சந்துக்குப் போய் மோட்டாரின் தகர மூடியைத் தூக்கினாள். நாலு மாதத்துத் துருவும் மண்ணும் படிந்த எழுத்தை முந்தானையால் ஒற்றி எடுத்தாள். அதிகாரி பின்னாலிருந்து குனிந்து சத்தமாக வாசித்தார்.

"9-11. கபாசிட்டர். ஆரம்பம் 10.10. முடிவு 12.50."

"இருக்காதே," என்றாள் தையற்காரி. "அன்னைக்கு நான் பள்ளிக்கூடத்துல இருந்தேன். சட்டை அளவு சரி பாக்குற நாள். காலையில எட்டு மணிக்குப் பூட்டிட்டுப் போனவ சாயங்காலம்தான் வந்தேன். அக்காவும் என்கூடத்தான் இருந்தா."

"நான் அன்னைக்கு மக வீட்டுல," என்றார் மாடிக்காரர் தாழ்ந்த குரலில்.

அதிகாரி எழுத்தைக் கட்டை விரலால் தேய்த்துப் பார்த்தார். போகவில்லை. "கபாசிட்டர் மாத்த ரெண்டு மணி நாப்பது நிமிஷம் ஆகுமா?"

"இல்ல மேடம். அது பதினஞ்சு நிமிஷ வேலை."

சொல்லிவிட்டுத்தான் தான் என்ன சொன்னோம் என்பது தையற்காரிக்கு உறைத்தது. அன்று முந்நூற்று நாற்பது பிள்ளைகளின் கூச்சலுக்கு நடுவே போன் பையில் கிடந்தது. சாயங்காலம் பார்த்தால் அவர் ஐந்து தடவை கூப்பிட்டிருந்தார். திருப்பிக் கூப்பிட்டபோது, "சும்மாதான் கூப்பிட்டேன், குட்டி என்ன பண்றா?" என்றார். மோட்டார் முனகுகிறது என்று போனில் சொன்னது இவள். கையோடு கபாசிட்டர் வாங்கிக்கொண்டு, லாரி இந்தப் பக்கம் வருகிற ஒரு நாளில் வந்திருக்கிறார். வந்து, தன் வீட்டு வாசலில் உட்கார்ந்திருக்கிறார். லாரி திரும்பும் நேரம்வரை உட்கார்ந்துவிட்டு, முடிவு 12.50 என்று எழுதிவிட்டுப் போயிருக்கிறார்.

பழைய பூட்டு மக்கர் பண்ணியதால் செப்டம்பரில் கதவிலேயே பொருத்துகிற புதுப் பூட்டு வாங்கினாள். அதோடு மூன்று சாவி வந்தது. ஒன்று அவளிடம், ஒன்று காலையில் கடை திறக்கிற பொத்தான் அக்காவிடம், ஒன்று ஆபத்து அவசரத்துக்கு மாடிக்காரரிடம். நாலாவதாக ஒரு ஆள் இருக்கிறார் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை.

தகர மூடியைக் கையில் பிடித்தபடியே அவள் அழுதாள். யார் பார்க்கிறார்கள் என்ற நினைப்பே இல்லாமல் அழுதாள். பிறகு மூக்கை உறிஞ்சிக்கொண்டு, "மேடம், சாவி இருக்கான்னு கேட்டீங்களே, இருக்குன்னு சொன்னேன். அதையும் அடிச்சிடுங்க. அவர்கிட்ட சாவி இல்ல," என்றாள்.

"யோசிச்சுத்தான் சொல்றீங்களா? அது உங்களுக்குப் பாதகமா வரலாம்."

"வரட்டும். சாவி இல்லாமத்தான் அன்னைக்கு வெளியில உக்காந்திருந்தார். அத மறைச்சு இன்னொரு பொய் சொல்ல மாட்டேன்."

அதிகாரி அடித்தார், திருத்தி எழுதினார், மோட்டாரை மூன்று கோணத்தில் படம் எடுத்தார். ஆட்டோவில் ஏறுமுன் சொன்னார்: "முடிவு என் கையில இல்ல. ஆனா தேதி கிடைச்சிருக்கு. ஆலை லாரி வாசல் கேட்டத் தாண்டினா ரிஜிஸ்டர்ல ஏறும், யார் யார் கூடப் போனாங்கன்னும் இருக்கும். இந்த ரெண்டு நாளுக்கும் அங்க எழுதி வாங்கி அனுப்புங்க. வீட்டப் பத்தி நான் பாத்தத எழுதுறேன்." பிறகு கடைசித் தும்மலையும் போட்டுவிட்டுப் போனார்.

அன்று சாயங்காலம் ஃபிட்டர் ஷிஃப்ட் முடிந்து கூப்பிட்டார்.

"நவம்பர் ஒம்பதாந்தேதி வந்தீங்களா?"

"மோட்டாரப் பாத்துட்டியா?" என்றார்.

"ஏன் சொல்லல?"

"சொன்னா என்ன பண்ணுவ? அழுவ. வேலைய விட்டுட்டு ஓடி வந்திருப்ப, முந்நூறு பிள்ளைங்க அளவு கெட்டுப் போயிருக்கும். படியில உக்காந்து பன்னு தின்னேன். காத்து நல்லா இருந்துச்சு."

"பொய் சொல்லாதீங்க. அந்தச் சந்துல ஏது காத்து?"

"ஜன்னல் வழியா உள்ள பாத்தேன்," என்றார். "மேசைல பச்சைத் துணி விரிச்சு வச்சிருந்த. பாதி வெட்டியிருந்துச்சு. கத்தரிய அப்படியே போட்டுட்டுப் போயிருந்த. அதப் பாத்துக்கிட்டு இருந்ததுல நேரம் போயிடுச்சு."

தையற்காரி கன்னத்தைத் துடைத்துக்கொண்டாள். "கேளுங்க. கேட் ரிஜிஸ்டர்ல ரெண்டு தேதிக்கும் எழுதி, சீல் வாங்கி நாளைக்கே அனுப்பணும். நாளைக்குன்னா நாளைக்கு. குட்டி பள்ளிக்கூடம் முடிக்கிற வரைக்கும் இந்த வீடும் இருக்கும், உங்க வேலையும் இருக்கும், என் மெஷினும் இருக்கும். இனிமே விடுமுறைக்கு நாங்க வர மாட்டோம். ஞாயித்துக்கிழமைச் சம்பளம் போனாப் போகுது, நீங்கதான் வரணும்."

"உத்தரவு," என்றார் ஃபிட்டர்.

போனை வைத்ததும் அவள் நேராக மாடி ஏறினாள். கையை நீட்டினாள். மாடிக்காரர் சாவியை எடுத்துக் கொடுத்தார். மறுநாள் ஆலை லாரி இந்தப் பக்கம் வருவதாகச் சேதி தெரிந்து, நெடுஞ்சாலை டீக்கடையில் ஒன்றரை மணி நேரம் காத்திருந்து, 'ஹாரன்' என்று எல்லாரும் கூப்பிடுகிற டிரைவரிடம் அதைக் கொடுத்தாள். ஒரு துண்டுத் துணியில் வைத்து நாலு பக்கமும் தைத்திருந்தாள்.

"என்னம்மா, தங்கமா?" என்றார் ஹாரன்.

"ஆமா. தொலைச்சீங்கன்னா தெரியும் சேதி."

மேசையை இழுத்துப் போட்டு, தச்சரைக் கூப்பிட்டு ஒன்றரை அடி அறுக்கச் சொன்னாள். வெட்டுவதற்குக் கொஞ்சம் இடைஞ்சல்தான், பெரிய துணியை மடித்து மடித்துப் போட வேண்டியிருந்தது. ஆனால் சுவரோரம் கட்டில் மறுபடி நின்றது. ஆணியில் அவருடைய இரண்டு சட்டையும் தொங்கின.

மார்ச் கடைசியில் கடிதம் வந்தது. சலுகை தொடர்கிறது என்று இரண்டே வரி. அவள் அதை இரண்டு தடவை வாசித்தாள், குண்டூசியால் குத்தி உறையில் போட்டாள், மெஷினை மிதிக்க உட்கார்ந்தாள்.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை காலையில் ஃபிட்டர் வந்தார். பையை இறக்கி வைக்கும் சத்தமும் அவர் இருமலும் உள்ளே கேட்டன. மகள் புத்தகத்தைப் போட்டுவிட்டு, "அப்பா!" என்று கதவைத் திறக்க எழுந்தாள். தையற்காரி எட்டி அவள் பாவாடையைப் பிடித்துக்கொண்டாள்.

"இரு கண்ணு. அவரே திறக்கட்டும்."

பூட்டுக்குள் சாவி நுழைந்தது. புதுப் பூட்டு, இடப்பக்கம் திருக வேண்டும். அவருக்குத் தெரியாது. வலப்பக்கம் திருகினார், நகரவில்லை. வெளியே எடுத்து, திருப்பிப் பார்த்து, மறுபடி போட்டார். மகள் அம்மாவைப் பார்த்தாள், அம்மா உதட்டில் விரலை வைத்தாள். இரண்டு பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு கதவையே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள். மூன்றாவது தடவை பூட்டு திறந்தது.